பயந்து கழற்றிய வளையல்

உன் தையல் மிஷின்மேல் பலாப்பழத்தை வைத்திருக்கிறேன், திட்டாதே. கடையில் வேறு இடமில்லை. இன்று புதூர்நாட்டிலிருந்து ஜீப்பில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன், நீ கொண்டுவருவாயே, அதே மாதிரி. வாசனை ஷட்டர் வரைக்கும் அடிக்கிறது. இந்த வாசனை வந்தால் மலைக்குப் போன நீ திரும்பிவிட்டாய் என்று அர்த்தம். என் மூக்குக்கு இன்னும் விஷயம் தெரியவில்லை. நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது.

நாளை ஞாயிறு. சபைக்குப் போக எனக்குப் பயமாக இருக்கிறது. இதை உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்?

பயம் எனக்குப் புதிதில்லை. ஆலங்காயம் முழுக்கத் தேடினாலும் என்னைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி கிடைக்க மாட்டாள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். சின்ன வயதில், ஆடி மாதம் கூழ் ஊற்றாவிட்டால் அம்மை வார்த்துவிடும் என்று நடுங்கினேன். நாம் இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே தொட்டியில் ஞானஸ்நானம் எடுத்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று படுத்தால்கூடக் கர்த்தர் அடித்துவிடுவார் என்று நடுங்கினேன். சாமியை மாற்றினேன், பயத்தை மாற்றவில்லை. அன்றைக்கே தாலி, தோடு, வளையல் எல்லாவற்றையும் கழற்றினோம். நம் சபையில் அதுதான் வழக்கம். என் மாமியார் ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. உன் வீட்டுக்காரர் மட்டும், "செலவு மிச்சம்" என்றார்.

அந்த வெறுங்கையோடுதான் முதல்முறை மலைக்கு ஜெபம் பண்ணப் போனோம். காசியம்மா வீட்டு வாசல் நினைவிருக்கிறதா? அவள் மருமகள் செல்விக்கு இரண்டு கரு கலைந்திருந்த நேரம். பெண் சுருண்டு படுத்திருக்கிறாள், சாப்பிடுவதில்லை என்று யாரோ சொல்லித்தான் போனோம். காசியம்மா நம் கைகளைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள்.

"வூட்டுக்காரரு எப்ப தவறினாருங்க?" என்று உன்னைத்தான் கேட்டாள்.

"யாரு, எங்க வூட்டுக்காரரா? அவரு நல்லா துன்னுட்டுத் தூங்கறாரு" என்றாய். எனக்குச் சிரிப்பு முட்டியது. காசியம்மா சிரிக்கவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க. இது ரெண்டு தடவ பறிகுடுத்த பொண்ணு. வெறுங்கையோட யாரும் உள்ள வாணாம்."

கதவிடுக்கில் தெரிந்த செல்வியின் முகத்தைப் பார்த்தபடி வாசலிலேயே நின்று ஜெபித்துவிட்டு வந்தோம். திரும்பும்போது ஜீப்பில் நீ உன் வெறுங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாய். கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் தாண்டின பிறகு கேட்டாய், "ஏன்டி, நாம இத இன்னாத்துக்குக் கழட்டினோம்?"

"கர்த்தருக்காகத்தான். வேற இன்னாத்துக்கு?"

"எனக்கு அப்படித் தோணலடி. நீ கழட்டின, நானும் கழட்டினேன். இன்னா வைராக்கியம்னு அல்லாரும் சொன்னாங்க. கேக்க நல்லா இருந்துச்சு. அவ்ளோதான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியெல்லாம் பேசாதே என்று உன் வாயைப் பொத்தினேன். நீ என் கையைத் தட்டிவிட்டுச் சிரித்தாய்.

மறுநாளே போய் வளையல் வாங்கிவிடுவாய் என்றுதான் நினைத்தேன். வாங்கவில்லை. பல வாரம் தைத்துக்கொண்டே யோசித்தாய். கேட்டால், "மலைக்காரங்க என்னை நல்லவள்னு சொல்லணும்னு போட்டாலும் அதே கததான்டி. அந்த ஆசை போவட்டும், அப்புறம் போடறேன்" என்றாய். எனக்குக் கோபம்கூட வந்தது. போடுவதென்றால் போடு, இல்லையென்றால் விடு, ஒரு கண்ணாடி வளையலுக்கு இத்தனை ஆராய்ச்சியா! ஒரு நாள் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து போய்ப் பச்சை வளையலோடு வந்தாய். "அந்தப் பொண்ணு மூஞ்சி மட்டும்தான் கண்ணுல நிக்குது" என்றாய்.

அடுத்த முறை காசியம்மா கதவைத் திறந்தாள். நீ உள்ளே போய் செல்வியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாய். நான் வாசலில் பலாச்சுளை தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். சபையில் உன்னைப் பாட்டு நடத்த வேண்டாம் என்றார்கள். நீ பின்வரிசையில் உட்கார்ந்து முன்னைவிடச் சத்தமாகப் பாடினாய்.

அப்புறம்தான் அந்தக் காய்ச்சல். திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் ஊசி குத்த இடம் வேண்டும் என்று உன் வளையலைக் கழற்றியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கிக் காட்டினாய். "கழட்டிட்டாங்கடி. இப்ப நான் நல்லவளா?" அவ்வளவு காய்ச்சலிலும் உனக்குக் கிண்டல். அதற்குப் பிறகு நீ பேசி நான் கேட்கவில்லை.

அடக்க ஆராதனையில் எனக்குப் பின்னால் ஒரு சகோதரி மெதுவாகச் சொன்னாள், "வளையல் போட்டதுக்குக் கர்த்தர் கை வச்சிட்டாரு." பாவி, அந்த ஒரு வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நீ எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நடுங்கினேன். அன்றிலிருந்து கடைவீதியில் வளையல் கடைப் பக்கம்கூட நான் நடந்ததில்லை.

போன வாரம் காசியம்மா கடைக்கு வந்தாள். செல்விக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு வைத்திருக்கிறார்களாம். எனக்குச் சந்தோஷத்தில் கத்தரிக்கோல் கைநழுவியது. "அந்தக்கா இருந்தா அவங்க கையாலதான் மொத வளையல் போட்டிருப்போம். அவங்களுக்குப் பதிலா நீங்க வரணும்" என்றாள். சொல்லிவிட்டு என் வெறுங்கையைப் பார்த்தாள்.

ஒரு வாரம் எனக்குத் தூக்கம் இல்லை. போட்டுக்கொண்டு போனால், உனக்கு வந்தது எனக்கும் வரும். போடாமல் போனால், அந்தப் பெண் பயத்திலேயே செத்துவிடுவாள். போகாமலே இருந்துவிட்டால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? கடைசியில் வளையல் கடைக்குப் போய் வாங்கி, பையில் வைத்துக்கொண்டு வெறுங்கையோடு ஜீப் ஏறினேன். உன் தோழியின் தைரியம் அவ்வளவுதான்.

செல்வி மணையில் உட்கார்ந்திருந்தாள். என் கைகளைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போனது. உதட்டைக் கடித்துக்கொண்டு வயிற்றின்மேல் கை வைத்தாள். அது என் முகம்டி. நான் கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம். இரண்டு பேரும் ஒரே வளையலுக்குப் பயந்து நிற்கிறோம்.

நான் அவள் எதிரில் உட்கார்ந்து பையைத் திறந்தேன். "மொதல்ல எனக்குப் போட்டு விடு கண்ணு. அப்புறம் நான் உனக்குப் போடறேன்."

அவள் என் கையைப் பிடித்து ஏற்றினாள். எலும்பில் மாட்டிக்கொண்டு பட்டென்று உடைந்தது. ரத்தம் வந்தது. வளைகாப்பில் வளையல் உடைந்தால் எப்படியிருக்கும்? யாரோ ஐயோ என்றார்கள். பார்த்தாயா, கர்த்தர் கை என்று எனக்குள் ஒரு குரல். ஓடிப்போய் ஜீப்பில் ஏறிவிடலாமா என்றிருந்தது. செல்வி என் கையை விடவில்லை, நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அட, ஒண்ணும் இல்ல. தையக்காரி கை, கட்ட மாதிரி ஆயிடுச்சு. பெரிய சைஸா பாத்துக் குடுங்க" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தக் குரல் என்று எனக்கே தெரியவில்லை. காசியம்மா முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பெரிய வளையல் ஏறியது. நான் செல்விக்கு இரண்டு கை நிறையப் போட்டு, தலையில் கை வைத்து ஜெபித்தேன்.

கிளம்பும்போது அவள் காதோரம் வந்து, "கொழந்த பொறக்கற வரைக்கும் கழட்டாதீங்கக்கா" என்றாள்.

கண்ணாடியில் ஒரு சக்தியும் இல்லை, கர்த்தரை நம்பு என்று பிரசங்கம் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. சரி கண்ணு என்றேன்.

ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் நம் சபைச் சகோதரி ஒருத்தி எதிரே வந்தாள். என் கையைப் பார்த்தாள், "ஸ்தோத்திரம்" என்றாள், நிற்காமல் போய்விட்டாள். நான் முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டேன். இந்நேரம் பாதி சபைக்குச் செய்தி போயிருக்கும்.

கடைக்கு வந்ததிலிருந்து நீ செய்தாயே, அந்த ஆராய்ச்சியைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். உன்னைப் போல ஆகிவிட வேண்டும் என்ற ஆசை கொஞ்சம் இருக்கிறது. என்ன தைரியம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்ற ஆசையும் இருக்கிறது, மறைப்பானேன். அதையெல்லாம் தள்ளிவிட்டுப் பார்த்தால், என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நடுங்குகிறாள். நீ சொன்ன அந்த முகம் இப்போது என் கண்ணிலும் நிற்கிறது.

நாளைக்குப் பாட்டுக்குக் கை தட்டும்போது வளையல் சத்தம் கேட்கும். முன்வரிசை திரும்பிப் பார்க்கும். ஆனாலும் தட்டுவேன். கர்த்தரே நேரில் வந்து கேட்டாலும், செல்வி பயந்தாள் ஆண்டவரே, அதனால் போட்டுக்கொண்டேன் என்பேன். குரல் நடுங்கும். நடுங்கட்டும், சொல்லிவிடுவேன்.