ஒரே தேதியில் இரண்டு கடிதங்கள்

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். இருமல் விட்டதா, மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

பெரிய சேதி! ஒரு வருடம் வெளிநாட்டில் படிக்க எங்கள் கல்லூரியிலிருந்து ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அது உன் தங்கை! உன்னைப் போல நானும் வெளிநாட்டில் படிக்கப் போகிறேன். அப்பா இல்லாததால் பாதுகாவலர் நீதான். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு நேராகக் கல்லூரி ஆபீசுக்கே அனுப்பிவிடு. மார்ச் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

கூடவே ஒரு கேள்வித்தாளும் இருக்கிறது. உலகத்தையே தன் வீடாக நினைக்கிறவர்கள் எத்தனை பேர் என்று சமூகவியல் வகுப்புக்காக மாணவர்களிடம் கேட்டு வருகிறேன். இதுவரை பெண்கள்தான் முன்னால். பையன்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறார்கள். நீயாவது அவர்கள் மானத்தைக் காப்பாற்று!

உன் வாலு

மார்ச் 12

என் அருமை வாலுவுக்கு,

உன் சேதியைப் படித்ததும் அறையில் ஒரே கூத்து. நாங்கள் நான்கு பேர், நான்கு தேசம். எல்லோரும் உனக்காகக் கைதட்டினார்கள். படிவத்தை இன்றே தபாலில் சேர்த்துவிட்டேன். நல்ல பெட்டியாகப் பார்த்து வாங்கி வை.

கேள்வித்தாள் இத்துடன் வருகிறது. 'உங்கள் வீட்டுப் பெண் தனியாக வெளிநாடு போய்ப் படிக்கலாமா?' இதெல்லாம் ஒரு கேள்வியா, அசடே! 'முழுச் சம்மதம்' என்று போட்டிருக்கிறேன்.

அன்பு அண்ணன்

ஏப்ரல் 9

அண்ணா,

வெளிநாடு போகிறவர்களின் இறுதிப் பட்டியலில் என் பெயர் இல்லை. தபால் தொலைந்திருக்கும் என்று பதறிப்போய் ஆபீஸ் கிளார்க்கிடம் நின்றேன்.

"தொலையலம்மா, வந்துச்சு. உங்க அண்ணனே வேணாம்னு எழுதியிருக்காரே, உனக்குத் தெரியாதா?" என்று கோப்பைத் திருப்பிக் காட்டினார். 'என் தங்கைக்கு உலக அனுபவம் போதாது. எனக்குச் சம்மதமில்லை. இதை அவளிடம் சொல்ல வேண்டாம்.' உன் கையெழுத்து. தேதி மார்ச் 12. எதை முதலில் எழுதினாய், அதையா, எனக்கு எழுதியதையா?

வேண்டாம் என்று என்னிடமே சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன். அவ்வளவுதான். பெட்டி வாங்கச் சொன்னாயே! வாங்கிவிட்டேன் அண்ணா.

ஏப்ரல் 28

வாலு,

உன் கோபம் நியாயம்தான். இங்கே தனியாக இருக்கும் பெண்களைப் பற்றி எங்கள் அறையில் என்னவெல்லாம் பேசுவோம் என்று உனக்குத் தெரியாது. நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அந்தப் பேச்சில் உன் பெயரும் எங்கேயாவது அடிபடுமோ என்று பயந்தேன். கேள்வித்தாளில் எழுதியது கொள்கை. இது நம் வீடு. உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வராமல்தான் பொய் சொன்னேன்.

அம்மாவிடம் சொல்லாதே. எனக்கு ஒரு வரியாவது எழுது.

அண்ணன்

மே 15

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

தங்கள் கடிதத்தை அம்மாவுக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். தாங்களும் சேர்ந்து சிரித்ததாக எழுதிய இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "அவங்க சிரிச்சதுக்கு நீ ஏண்டி வீட்ல உக்காரணும்?" என்றாள்.

மறுநாள் என்னோடு கல்லூரிக்கு வந்தாள். "பெத்தவ நான் இருக்கேன். இவளுக்கு நான் கையெழுத்துப் போடக்கூடாதா?" என்று கிளார்க்கிடம் கேட்டாள். தாராளமாகப் போடலாமாம். முதலிலிருந்தே போட்டிருக்கலாமாம். எங்கள் இருவருக்கும்தான் கேட்கத் தோன்றவில்லை.

என் இடம் ஒரு பையனுக்குப் போய்விட்டது. அடுத்த வருடத்துக்கு மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

இனி வீட்டுச் சேதிகளை அம்மா எழுதுவாள்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை