கடைசி அத்தியாயத்தைச் சொல்லாதே, மன்னி

என் பிரிய மன்னிக்கு,

நீ போய் மூன்று மாதமாகிறது. இத்தனை நாள் உனக்கு எழுதப் பயந்துகொண்டிருந்தேன். இன்று எழுதாமலிருக்கப் பயமாக இருக்கிறது. என் பெண் விசாலத்துக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். மூன்றாம் நாள்வரை பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதற்குள் உடம்பில் முத்துப் போட்டால், உன்னைக் கொண்டுபோன அதே அம்மை. இல்லையென்றால் வெறும் காய்ச்சல். காலையிலிருந்து அவள் நெற்றியையே தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மழையில் நனைந்ததுதான் காரணம் என்று சொல்லிவிட்டு, மருந்து வாங்க இவர் எர்ணாகுளத்துக்குப் படகேறியிருக்கிறார். காரணம் நான்தான். அதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

நம் இரண்டு பேரையும் புத்தகப் பைத்தியங்கள் என்று அண்ணா திட்டாத நாள் உண்டா? ஜூ டவுன் கடையில் மிளகு கட்டிக் கொடுத்த காகிதத்தில் தமிழ் இருந்தால் போதும், நீவி நீவிப் படிப்பாய். கதை பாதியில் நின்றால், மிச்சத்துக்காக அண்ணாவை மறுபடி மிளகு வாங்க அனுப்புவாய். வாரப் பத்திரிகை வந்ததும் தொடர்கதைத் தாள்களைக் கிழித்து, கோணி ஊசியால் தைத்துச் சேர்ப்பாய். நாக்கில் விரலைத் தொட்டுத்தான் பக்கம் புரட்டுவாய்; அதற்கு உன்னைத் திட்டிவிட்டு நானும் அப்படியே புரட்டுவேன். முதலில் படிப்பது நீ. ஆனால் முடிவைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. அது நம் சட்டம்.

நீ பின்னறையில் வேப்பிலைக்கு நடுவே படுத்திருந்த வாரத்தில்தான் அந்தத் தொடர்கதை முடிந்தது. தாள்களைக் கதவிடுக்கு வழியே உள்ளே தள்ளினேன். மறுநாள் உன் குரல் இழுத்து இழுத்து வந்தது.

"கமலம், முடிவைச் சொல்லட்டுமாடி?"

"ஐயோ, சொல்லாதே மன்னி! நீ எழுந்து வா, நானே படிச்சுக்கறேன்."

காதை வேறு பொத்திக்கொண்டேன். நீ சிரித்த மாதிரி இருந்தது. அப்புறம் உன் குரலை நான் கேட்கவில்லை. எழுந்து வரமாட்டோம் என்று தெரிந்துதான் சொல்ல வந்தாயா?

முனிசிபாலிட்டி ஆட்கள் உன் பாய், தலையணை, புடவை எல்லாவற்றையும் எரிக்க எடுத்துப் போனார்கள். "இனி எந்தெங்கிலும் உண்டோ?" என்று, வேறு ஏதாவது மிச்சமிருக்கிறதா என ஒருவர் கேட்டார். "ஒந்நும் இல்லா சேட்டா" என்று கூசாமல் பொய் சொன்னேன். கதைக் கட்டை அதற்கு முன்பே இடுக்கியால் எடுத்து வந்து, என் வீட்டுப் பரணில் தகரப்பெட்டிக்குள் போட்டிருந்தேன். அக்கம்பக்கத்தில் எல்லாரும் மலையாளம். வேறு பிரதிக்கு எங்கே போவேன்? எரிக்க மனசில்லை, திறக்கத் தைரியமுமில்லை.

விசாலமும் நம்மைப் போலத்தான். அம்மை குத்த வந்தவர்களுக்குப் பயந்து, ஒரு புத்தகத்தோடு பரணில் ஒளிந்து தப்பித்தவள். பதினைந்து நாளைக்கு முன் அதே பரணில் பெட்டியைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் உன் கட்டு. நாக்கில் விரலைத் தொட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பிடுங்கிப் போட்டுவிட்டு அவள் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். ஏன் என்று சொல்லவில்லை.

இன்று காலை அந்தக் கதைக் கட்டை அடுப்பில் போட்டு எரித்துவிட்டேன். ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை மன்னி.

திரும்பி வந்தபோது விசாலம் முழித்துக்கொண்டிருந்தாள். உதடு காய்ந்திருந்தது.

"அம்மா, மாமியோட கதையை நீ முடிக்கவே இல்லையே. முடிவு நேக்குத் தெரியும். சொல்லட்டுமா?"

என் கை தானாகக் காதுக்குப் போனது. பாதியில் இறக்கி, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லுடி கண்ணே. மெதுவாச் சொல்லு."

சொல்லிக்கொண்டிருக்கிறாள். நடுவில் தூங்கிப்போகிறாள்; முழித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறாள். நாளைக்குத்தான் மூன்றாம் நாள். இனி யார் எதைச் சொல்ல வந்தாலும் காதைப் பொத்த மாட்டேன், உன்மேல் சத்தியம். நீ மட்டும் இவளைக் கூப்பிட்டுவிடாதே.

கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கும்
உன் நாத்தனார் கமலம்,
மட்டாஞ்சேரி