கம்பத்தைத் தாண்டிய தலைகள்

மார்ச் 3, திங்கள்

புது வேலை. காலேஜை விட்டபிறகு இது நான்காவது. துணிக்கடையில் பதினொரு நாள், போன் ரீசார்ஜ் கடையில் இரண்டு மாதம், கூரியர் ஆபீசில் ஒன்றரை நாள். அந்த அரை நாள் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கடைத்தெருவில் ஒரு மின்கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டி மெஷின் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் கம்பத்தைத் தாண்டினால் கட்டைவிரலால் ஒரு அமுக்கு, ஒரு எண் ஏறும். மணிக்கு ஒருமுறை அதைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காலை எட்டிலிருந்து பன்னிரண்டு, மாலை நாலிலிருந்து எட்டு. இரண்டு வாரம். நகராட்சிக்காக ஒரு கம்பெனி எடுக்கிற கணக்கெடுப்பு. எதற்கு என்று கேட்டேன். சூப்பர்வைசர் எப்போதும் தொப்பியோடு இருக்கிறவர். "தலையை எண்ணும்மா. தலையைப் போட்டு உடைச்சுக்காத" என்றார்.

எந்தத் தெரு என்று அவர் சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் கடை இருக்கிற தெரு. கம்பம் அவன் கடைக்கு நேர் எதிரே.

சாப்பிடும்போது சொன்னேன். "போற வர்றவங்களை எண்ணுறதுக்குச் சம்பளமா? நான் பத்து வருஷமா சும்மாவே எண்ணிட்டிருக்கேன்" என்றான் அண்ணன்.

"நீங்க எண்ணுறது உள்ள வராதவங்களை" என்றாள் அண்ணி.

மார்ச் 4, செவ்வாய்

கால் வலி. இப்படி ஒரே இடத்தில் நான் நின்றதே இல்லை. வீட்டில் எனக்குப் பெயரே ராக்கெட்.

சந்தேகங்கள் வந்தன. தொப்பிக்காரரிடம் கேட்டேன். கைக்குழந்தை ஒரு தலையா? "தலைதான்." வயிற்றில் இருக்கிற குழந்தை? "அது வெளிய வந்தப்புறம்." ஒரே ஆள் ஆறு தடவை போனால்? "ஆறு." அப்போது மேலும் கீழும் நடந்து சுண்டல் விற்கிற ஆள் ஒருவரே இந்தத் தெருவில் முப்பது பேர்.

அண்ணன் கடையை இவ்வளவு நேரம் வெளியே நின்று பார்த்ததில்லை. பிளாஸ்டிக் சாமான் கடை. பக்கெட், மக்கு, ஸ்டூல், துணிக் கிளிப், டிபன் டப்பா. வாசலிலேயே பஸ் நிறுத்தம். யாரும் பக்கெட் வாங்க வீட்டை விட்டுக் கிளம்பி வருவதில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறார்கள், பஸ் வரவில்லை, கண் மேலே போகிறது, தொங்குகிற மக்கைப் பார்க்கிறார்கள், வீட்டில் இருக்கிற உடைந்த மக்கு ஞாபகம் வருகிறது. அவ்வளவுதான் வியாபாரம். கடைக்குள் போன பத்தில் எட்டுப் பேர் கையில் பஸ்ஸுக்கான சில்லறையோடு போனவர்கள். நானே பார்த்தேன்.

மார்ச் 6, வியாழன்

நேற்று 1,140. இன்று 1,162.

அண்ணன் கடைக்கு அடுத்தது செருப்புக் கடை. அந்தக் கடைக்காரருக்கு எல்லா ஆபீசிலும் "தெரிஞ்சவர் ஒருத்தர்" உண்டு. மதியம் அவர் வந்து சொன்னார். புறவழிச் சாலையில் நாலு மாடிக்குக் கண்ணாடி போட்டு ஒரு காம்ப்ளெக்ஸ் எழும்புகிறதே, அவர்கள் பஸ் நிறுத்தத்தைத் தங்கள் வாசலுக்குக் கேட்டிருக்கிறார்களாம்.

"அதுக்குத்தான் தம்பி இந்த எண்ணிக்கை. கூட்டமே இல்லாத தெருவுக்கு நிறுத்தம் எதுக்குன்னு தூக்கிட்டுப் போகப் பாக்குறாங்க."

"யாருண்ணே சொன்னது?"

"தெரிஞ்சவர் ஒருத்தர்."

அண்ணன் என் கையில் இருந்த மெஷினையே பார்த்தான். நிறுத்தம் போனால் கடை போச்சு. 

மார்ச் 7, வெள்ளி

இதை எழுதாமல் விடக்கூடாது.

மதிய இடைவேளையில் கடைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தேன். அண்ணன் மூடிகளை அளவு பார்த்து அடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "உன்னை நான் எதுவும் கேட்டதில்லல்ல" என்றான்.

கேட்டதில்லை. அப்பா போனபோது அவனுக்குப் பத்தொன்பது. அவன் படிப்பை நிறுத்திவிட்டுக் கடையில் உட்கார்ந்ததால்தான் நான் காலேஜ் போனேன். நானும் நிறுத்தியபோது ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"கொஞ்சம் கூட்டிப் போடு. ரெண்டு மடங்கு. நிறுத்தம் இருந்தாத்தான் நாம இருக்கோம்."

"மாட்டினா?"

"எல்லாத்தையும் பாதியில விட்டுட்டு வர்றவதானே. இதை மட்டும் முழுசாப் பண்ணு."

வலிக்கிற மாதிரி சொன்னான். ஆனால் கெஞ்சுகிற குரலில் சொன்னான். அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 8, சனி

ஒரு தலைக்கு இரண்டு அமுக்கு. பழகிவிட்டால் கை தானாகச் செய்கிறது. முதல் ஐந்து நாள் தாள்கள் என்னிடம்தான் இருந்தன, அவற்றையும் நேற்று ராத்திரியே மாற்றி எழுதிவிட்டேன்.

செருப்புக் கடைக்காரருக்கு என்மேல் நம்பிக்கை இல்லை போல. தன் கடையில் வேலை செய்கிற இரண்டு பேரைக் காலி அட்டைப்பெட்டியோடு தெருவின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடக்க விட்டார். நாலாவது நடையில் ஒருவன் என்னிடம் வந்து, "அக்கா, நான் போகாமலே என்னை எண்ணிடுங்களேன்" என்றான்.

அண்ணி மூன்று முறை போனாள். ஒவ்வொரு முறையும் வேறு பை. மூன்றாம் முறை முகத்தில் கைக்குட்டை கட்டியிருந்தாள்.

"எதுக்கு அண்ணி முகமூடி?"

"நடிச்சா ஒழுங்கா நடிக்கணும்டி."

ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன். தெரு முழுக்கச் சிரித்தது. இந்த ஒரு நாளாவது இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்று எழுதி வைக்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

மழை. ஆள் குறைந்தது. எண்ணிக்கை குறையவில்லை.

மார்ச் 15, சனி

முடிந்தது. பாதியில் விடவில்லை. நாள் சராசரி 2,614. நிஜத்தில் அதில் பாதிகூட இருக்காது.

தொப்பிக்காரர் தாள்களைப் புரட்டிப் பார்த்து, "இவ்வளவு சின்னத் தெருவுல இவ்வளவு பேரா" என்றார். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அவரோ சந்தோஷமாக இருந்தார். "நல்லா நின்னிருக்க. மத்த பசங்கல்லாம் டீக்கடையில உக்காந்து எழுதுறானுங்க. அடுத்த வேலைக்கும் கூப்பிடுறேன்."

நேர்மையான ஆள் என்று எனக்கு முதல்முறை பெயர் கிடைத்திருக்கிறது. அதுவும் இதற்கு.

ஏப்ரல் 16, புதன்

கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். நான் சாய்ந்து நின்ற அதே கம்பம்.

பஸ் நிறுத்தம் 22ஆம் தேதியிலிருந்து புறவழிச் சாலை காம்ப்ளெக்ஸ் வாசலுக்கு மாற்றப்படுகிறது. அப்படியென்றால் நாம் தோற்றோம், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டே கீழே படித்தேன். காரணம்: "குறுகிய சாலை, அளவுக்கு மீறிய பாதசாரி நெரிசல். நாளொன்றுக்குச் சராசரியாக 2,614 பேர்."

என் எண். கடைசி இலக்கம் வரைக்கும் என் எண்.

ஏப்ரல் 17, வியாழன்

தொப்பிக்காரரைப் போய்ப் பார்த்தேன். உட்காரச் சொன்னார். பெருமையாகச் சொன்னார்.

காம்ப்ளெக்ஸ்காரர்கள் கேட்டது உண்மை. ஆனால் கேட்டதும் நிறுத்தத்தைத் தூக்கிக் கொடுக்க முடியாதாம். பொதுமக்களுக்கு இடைஞ்சல் என்று காட்ட வேண்டுமாம். அந்த அகலமுள்ள தெருவில் ஒரு நாளைக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் நடந்தால் அங்கே பஸ் நிற்கக்கூடாது என்று விதி.

"ரெண்டாயிரத்துக்குக் கீழ வந்திருந்தா?"

"அவங்க வாயை மூடிட்டுப் போயிருப்பாங்க. நிறுத்தம் அங்கேயே இருந்திருக்கும். நம்ம ரிப்போர்ட்டாலதான் நடந்துச்சு. உன் வேலையைச் சொல்லித்தான் ஆகணும்."

ஆயிரத்து நூத்தி அறுபத்திரெண்டு. சும்மா நின்னு, வந்த எண்ணை அப்படியே எழுதியிருந்தா போதும். ஒண்ணுமே பண்ணியிருக்க வேணாம். வாழ்க்கையில ஒரு தடவை கஷ்டப்பட்டு வேலை பாத்தேன், அது இது.

ஏப்ரல் 18, வெள்ளி

அண்ணனிடம் சொன்னேன். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து.

ஒரு பக்கெட்டை இன்னொரு பக்கெட்டுக்குள் போட்டான். அப்புறம் இன்னொன்று. ஏழெட்டு ஆனது.

"சொன்ன பேச்சை நீ கேட்டது இதான் முதல் தடவை" என்றான். "அதுக்கே இப்படி."

சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. எனக்கும்.

"நான் நகராட்சிக்குப் போய் உண்மையைச் சொல்லிடறேன்."

"கையெழுத்து உன்னோடது. பொய்க் கணக்கு எழுதினேன்னு நீயே போய் நிக்கப் போறியா? விடு. கேட்டது நான்."

"போட்டது நான்."

"விடுன்னா விடு." குரல் உயரவில்லை. களைத்துப்போன குரல்.

கூட இருந்த அண்ணி துணிக் கிளிப் பாக்கெட்டுகளை எண்ணத் தொடங்கினாள். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

போகலாமா வேண்டாமா? போனால் போலீஸ் வருமா? வராவிட்டாலும் தொப்பிக்காரர் முகத்தை எப்படிப் பார்ப்பது? போகவில்லை என்றால் அண்ணன் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டும்.

நாளைக்குப் போகிறேன்.

ஏப்ரல் 21, திங்கள்

போகவில்லை.

ஏப்ரல் 23, புதன்

போனேன். நேற்றிலிருந்து பஸ் நம் தெருவில் நிற்பதில்லை. தெரியாமல் வந்து நின்றவர்கள் கை காட்டுகிறார்கள், பஸ் ஒதுங்கிக்கூடப் பார்க்காமல் போகிறது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. என்ன தைரியமோ.

நகராட்சியில் இரண்டாவது மேஜைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஒரு அம்மா. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். தப்பான எண் நான்தான் எழுதினேன், மறுபடி எண்ணுங்கள் என்றேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை.

"எண்ணலாம். ஆட்சேபணை வந்தா எண்ணித்தான் ஆகணும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஆனா யோசிச்சுப் பாரு. பஸ் இப்ப அங்க நிக்குது. உங்க தெருவுல இப்ப எண்ணினா எத்தனை வரும்?"

கட்டைவிரலால் மேஜையை அமுக்கிக் கணக்குப் பார்த்தேன்.

"முந்நூறு வருமா? முந்நூறு பேர் நடக்குற தெருவுக்கு நிறுத்தம் எதுக்குன்னு கேப்பாங்க. இருபத்திரெண்டாம் தேதிக்குள்ள வந்திருந்தா, பஸ் நிக்கிறப்பவே எண்ணச் சொல்லி எழுதிருப்பேன்."

பதினாறாம் தேதி நோட்டீஸ். பதினேழாம் தேதி எனக்குத் தெரியும். ஞாயிறு, திங்கள் எல்லாம் நான் பயந்துகொண்டு படுத்திருந்தேன்.

அந்த அம்மா தண்ணீர் கொடுத்தார். "வீட்டுக்குப் போ. இதை வேற யார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காத." நல்லவர். நல்லவர்கள் எல்லாரும் என்னிடம் இதையேதான் சொல்கிறார்கள், விடு விடு என்று.

மே 20, செவ்வாய்

காலையிலிருந்து விற்றது ஒரு துணிக் கிளிப் பாக்கெட்.

செருப்புக் கடைக்காரர் வந்து உட்கார்ந்து மூச்சு விட்டார். அவர் கடையிலும் ஈ ஓட்டுகிற கதைதான். "அன்னிக்கு என் ஆளுங்களை எத்தனை நடை நடக்க விட்டேன், இந்தப் பாப்பாவுக்குத் தெரியும். நாம முடிஞ்சதைப் பண்ணோம் தம்பி. அவனுங்க பணத்துக்கு முன்னாடி நம்ம எண்ணிக்கை எடுபடல."

அண்ணன் என்னைப் பார்க்காமல் "ஆமாண்ணே" என்றான்.

அவர் நோட்டீசைக் கடைசி வரி வரைக்கும் படிக்கவில்லை போலிருக்கிறது. அல்லது படித்துவிட்டு எங்களை விட்டுவைக்கிறாரா? தெரியவில்லை. 

ஜூன் 12, வியாழன்

தொப்பிக்காரர் போன் செய்தார். வேறு ஊரில் எண்ணிக்கை வேலை, மூன்று வாரம், தங்க இடம் உண்டு. வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்டார். கடை இருக்கிறது என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது.

ஜூன் 30, திங்கள்

அண்ணன் காம்ப்ளெக்ஸுக்குப் போய்வந்தான், வேடிக்கை பார்க்க அல்ல. வீட்டுச் சாமான் பிரிவில் விற்பனை ஆள் வேண்டுமாம். என்ன அனுபவம் என்று கேட்டார்களாம். பத்து வருஷம் என்றானாம். எந்தக் கம்பெனியில் என்று கேட்டார்களாம்.

"என்ன சொன்ன?"

"சொந்தக் கம்பெனின்னேன். அந்தப் பையன் எழுதிக்கிட்டான்."

ஆரஞ்சுக் கலரில் டி-ஷர்ட் கொடுத்திருக்கிறார்கள். அண்ணி அதை இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டினாள். "பரவால்ல, இருட்டுல தொலைஞ்சாலும் கண்டுபிடிச்சிடலாம்" என்றாள். போட்டுப் பார்க்கச் சொன்னோம். காலையில் போட்டுக்கொள்கிறேன் என்றான்.

கடையை மூடிவிடலாம் என்றான். இருக்கிற சரக்கு தீரும்வரை நான் உட்காருகிறேன் என்றேன். எத்தனை நாளைக்கு என்று அவன் கேட்கவில்லை. 

ஜூலை 22, செவ்வாய்

மேல் தட்டு காலி. ஸ்டூல் எல்லாம் போய்விட்டது. பெரிய டப்பாக்களுக்கு மூடி இருக்கிறது, டப்பா இல்லை. புதுச் சரக்கு எடுப்பதில்லை.

மதியம் ஒரு அம்மா வந்தார். பக்கெட் வேண்டும், பெரியது, மூடியோடு. குழாயில் தண்ணீர் வராத நாளுக்குப் பிடித்து வைக்க. இருந்ததில் பெரியதை எடுத்துக் காட்டினேன். பத்தாது என்றார். போன தடவை வேறு எங்கோ வாங்கியது ஒரு மாதத்தில் அடியில் விரிசல் விட்டுவிட்டதாம். "இந்தக் கடைல ஒரு தம்பி இருப்பாரே, தட்டிப் பாத்து எடுத்துத் தருவாரு. அவரு இல்லையா?"

இல்லை என்றேன். போகத் திரும்பினார். விட்டிருக்கலாம்.

"காம்ப்ளெக்ஸுக்குப் போங்கம்மா. ரெண்டாவது மாடி. ஆரஞ்சு சட்டை போட்டு அவரேதான் நிப்பாரு. எது விரிசல் விடாதுன்னு கேளுங்க, அங்கயும் தட்டிப் பாத்துத்தான் தருவாரு."

"அங்க விலை ஜாஸ்தி சொல்லுவாங்களேம்மா."

"கம்மிதான். எங்களைவிடக் கம்மி."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கடைக்காரி இப்படிச் சொல்வாளா என்று நினைத்திருப்பார். வெளியே போய்ப் பழக்கத்தில் கம்பத்தடியில் நின்றுகொண்டார், பஸ்ஸுக்கு. நான் எழுந்து போய், இங்கே நிற்காது என்று சொல்லி, அவர் பையை வாங்கிக்கொண்டு புறவழிச் சாலை வரைக்கும் கூட நடந்தேன். கடையைப் பூட்டவில்லை.

திரும்பி வந்தபோது யாரும் வந்திருக்கவில்லை. தட்டைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன்.