ரோட்டுப் பக்க ஸ்பீக்கர்கள்

மார்ச் 14, புதன்

விடிந்ததிலிருந்து மழை. ஹோட்டலில் மூன்று ஏசி ஒழுகல். மத்தியானத்துக்குள் மூன்றும் சரி.

வீட்டில்தான் தோல்வி. அக்கா விட்டுவிட்டுப் போன சரவுண்ட் செட். இந்தத் தீவில் டிசம்பரில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்ததும் அத்தானுக்குப் போதும் என்றாகிவிட்டது. போன மாதம் பிரிஸ்பேன் போய்ச் சேர்ந்தார்கள். இங்கே வந்த செட்டில் வலது பக்க ஸ்பீக்கர் இரண்டும் கத்துகின்றன, இடது பக்கம் இரண்டும் முணுமுணுப்பு.

ஞாயிறன்று சொந்தக்காரர்கள் வருகிறார்கள், அக்கா மகளின் கல்யாண டிவிடி பார்க்க. கல்யாணம் அங்கேயே நடந்தது. எனக்கு விசா மறுத்துவிட்டார்கள். தாய்மாமன் நான். டிவிடியையாவது ஒழுங்காகக் கேட்க வேண்டாமா?

லட்சுமி: "ஓட்டல்ல அத்தன ரூமுக்கும் பாக்குறீங்க. சொந்த வூட்டுப் பொட்டி ஒங்க பேச்சக் கேக்க மாட்டேங்குது."

இதைப் பிள்ளைகளால் படிக்க முடியாது. இங்கே பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு ஹிந்திதான். இந்த நோட்டுக்குப் பூட்டே வேண்டாம்.

மார்ச் 15, வியாழன்

செய்தவை:
– ஸ்பீக்கர்களை இடம் மாற்றினேன். இடது பக்கப் பெட்டி வலது பக்கம் போனதும் நன்றாகக் கத்தியது. பெட்டிமேல் குற்றமில்லை.
– புது வயர். பலனில்லை.
– முனைகளைச் சுரண்டித் துடைத்தேன். விரலில் காயம், அவ்வளவுதான்.

ஆம்ப்ளிஃபயரே போய்விட்டது போல.

டிவிடியை ஒரு தடவை போட்டுப் பார்த்தோம். மேளம் ஒரே பக்கம். பெண்ணை மேடைக்குத் தாய்மாமன் கைபிடித்து அழைத்து வர வேண்டும். குழந்தை தனியாக நடந்து வந்தாள். அத்தனை பேர் இருந்தும் என் இடத்தில் நின்று கை கொடுக்க ஒருத்தருமில்லை. கோபம். சாப்பாடு இறங்கவில்லை. லட்சுமி மீன் குழம்பு நன்றாகத்தான் வைத்திருந்தாள்.

மார்ச் 16, வெள்ளி

வெயில். சாயங்காலம் அத்தானுக்கு போன். பழுதான செட்டைத் தலையில் கட்டிவிட்டீர்களே என்று சண்டைக்கே போனேன். எந்தப் பக்கம் என்று கேட்டார். இடது என்றேன். அவருக்குச் சிரிப்பு.

"அது ரோட்டுப் பக்கம்டா. மின்ன ஆட்சியப் புடிச்சு கலாட்டா நடந்தப்ப நாந்தான் கொறச்சு வெச்சேன். கேட்டுல யாராச்சும் வந்தா காதுல வுழணும் இல்ல? பொறவு ஏத்த மறந்துட்டேன்."

ஏழு வருஷம்! அந்த வீட்டில் நானும் எத்தனை படம் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் கவனிக்கவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. அவருடைய பக்கத்து வீட்டுக் கூரையில் கல் விழுந்த அந்த வாரம்கூட, பயமென்று அவர் எங்களிடம் ஒன்றுமே சொல்லவில்லை.

ரிமோட்டில் பார்த்தேன். இடது இரண்டும் பத்துப் படி கீழே. மெனுவைப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. எடுத்ததும் ஸ்க்ரூடிரைவர்தான்.

மார்ச் 17, சனி

லட்சுமியை நடுவில் உட்கார வைத்து, சோதனைச் சத்தம் போட்டேன். 'உஸ்ஸ்' என்று ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வந்தது. இன்னும் ஏத்துங்க, கொஞ்சம் இறக்குங்க என்று அவள் அதிகாரம். கடைசியில் நாலு பக்கமும் ஒரே அளவு. எங்கள் இடது பக்கம், பக்கத்து வீட்டுக்காரி மேரேயின் மரவள்ளித் தோட்டம். மேரே எங்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, பாம்பா என்று கேட்டாள். இந்த ஊரில் ஏது பாம்பு. அவளையும் நாளைக்குக் கூப்பிட்டாயிற்று.

வாங்க: பருப்பு, தேங்காய், ஜூஸ்.

மார்ச் 18, ஞாயிறு

பதினாலு பேர், மேரேயோடு. மேளம் இரண்டு பக்கமும் அதிர்ந்தது. எனக்குப் பெருமை.

பெண் நடந்து வரும் இடம். இடது பக்கத்திலிருந்து, படத்தில் ஆள் இல்லாமல், அக்கா குரல். வியாழனன்று எங்களுக்குக் கேட்காத குரல். கை கொடுக்க வந்த யாரையோ தடுக்கிறாள்:

"யாரும் புடிக்க வேணாம். அது எந்தம்பி எடம். அப்பிடியே இருக்கட்டும்."

அத்தை என்ன சொன்னாள் என்று என் சின்ன மகள் ஹிந்தியில் கேட்டாள். லட்சுமிதான் சொன்னாள்.

ரிமோட் என் கையில். மூன்று தடவை பின்னால் ஓட்டினேன்.