இரும்பாயியாக நடித்த தனம் அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. கடிதம் எழுத இத்தனை நாளா என்று கேட்காதீர்கள். வசனம் எழுதச் சொன்னால் ஒரே மூச்சில் நாற்பது பக்கம் எழுதுகிறவன்தான். உண்மையை எழுத உட்கார்ந்தால்தான் பேனா சண்டித்தனம் செய்கிறது. நம் நாடகக் குழுவின் மலரில் இதைப் போடப் போகிறார்கள். ஊரே படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் சேதி. செல்வி நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூடம் முடித்து உங்கள் தறியிலேயே நிற்கிறாள். உங்கள் பக்கத்துத் தறி ரங்கம்மா அவளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, ஒரு வேளை சாப்பாடு தப்பவிடாமல் பார்க்கிறாள். போன மாதம் செல்வி தனியாகப் பஸ் ஏறி, கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு என் வீடு தேடி வந்தாள்.

"மாமா, அம்மா போட்டோவுல ஆடாம அசையாம நிக்குதுங்க. நடக்கறதப் பாக்கணும். அம்மா நடிச்ச அந்தக் கேசட்டு உங்ககிட்டதான் இருக்குதுன்னாங்க" என்றாள்.

கேசட் என் பீரோவில்தான் இருந்தது. மிஷின் ரிப்பேர், சரி செய்ததும் கொண்டு வருகிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். ஏன் பொய் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்குத் தெரியாது, அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

'பழுது பார்க்கப்படும்' என்று பதின்மூன்று வாரத் தொடர் ஒன்று எடுத்தோம். வேறு கிரகத்துக் கேப்டன் ஒருவரும் அவருடைய இயந்திர வேலைக்காரியும் சங்ககிரியில் ஒரு லாரிப் பட்டறை வாசலில் வந்து இறங்கிவிடுகிறார்கள். பறக்கும் தட்டுக்கு ஸ்பேர் கிடைக்கும்வரை ஊர்க்காரர்களோடு மல்லுக்கட்டுகிறார்கள். சேலத்து நாடகக்காரர்கள் எட்டுப் பேர், சென்னையிலிருந்து வந்த டைரக்டர், கேமராக்காரர், இவ்வளவுதான் பட்டாளம். விஞ்ஞானம் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வேலைக்காரிக்கு இரும்பாயி என்று பெயர் வைத்து, வசனமும் எழுதி, குரலும் கொடுத்தவன் நான்.

இரும்பாயியைத் தகரத்தில் செய்தவர் பட்டறை ஆறுமுகம். லாரிக்குப் பாடி கட்டுகிறவர், வேறெப்படிக் கட்டுவார்? மலை ஏறினாலும் ஆடாதபடி கட்டி, திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் தொங்கவிட நெற்றியில் ஒரு கொக்கியும் வைத்துவிட்டார். தலையை நான்கு போல்ட் போட்டு முறுக்க வேண்டும், கழற்ற ஸ்பேனர் வேண்டும். நடிக்க வந்தவருக்குத் தோள் நுழையவில்லை. கேப்டன் சட்டைக்குச் சரிகைத் துணி கொண்டுவந்த நீங்கள், நாலரை அடி உயரத்தில், மூட்டையோடு ஓரமாக நின்றிருந்தீர்கள். டைரக்டர் உங்களைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க, உள்ளே காத்து வருமுங்களா?" என்று கேட்டீர்கள்.

"அதெல்லாம் வரும்மா" என்றார் அவர்.

நானும் தலையாட்டினேன். எங்களில் ஒருவராவது உள்ளே தலையை விட்டுப் பார்த்தோமா?

உங்களுக்கு இரண்டு கட்டளை. உள்ளே இருக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது, தகரம் எதிரொலித்து மற்றவர்கள் வசனம் கெட்டுவிடும். வெள்ளிச் சாயம் பூசிய கைகள் மட்டும் வெளியே இருக்கும், அவற்றை எப்படியாவது ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். நீங்கள் ஆட்டியது எங்களுக்குப் புதிதாக இருந்தது. விசைத்தறிக் கூடத்துச் சத்தத்தில் வாய் பேசி ஆகாது, கைதான் பேசும், அந்தப் பேச்சைத்தான் அக்கா போடுகிறாள் என்று யாரோ சொன்னார்கள். பிரமாதம் என்றோம். என்ன பேசுகிறீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. வார்த்தையை வைத்துப் பிழைக்கிற எனக்கே தோன்றவில்லை.

ஏழாவது வாரத்துக்கான படப்பிடிப்பு சங்ககிரி மலையடிவாரத்தில், சித்திரை வெயிலில். கேப்டன் ஒரு லாரி டிரைவரிடம் ரேடியேட்டருக்குப் பேரம் பேசுகிறார், பின்னால் இரும்பாயி நிற்கிறாள். பாதிப் பேரத்தில் மூடிய இடது கை முஷ்டியின் மேல் வலது உள்ளங்கையால் மூன்று தரம் அடித்தீர்கள். மறுபடியும் மூன்று தரம். பிறகு கைகள் வேறு ஏதோ செய்தன. கடைசியில் கடகடவென்று சத்தத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். நிறுத்தாதே, ஓடட்டும் என்று டைரக்டர் ஜாடை காட்டினார்.

முடிந்து பார்த்தால், ஸ்பேனரோடு ஆறுமுகம் டீ குடிக்கப் போயிருந்தார். அவரைத் தேடிக் கூட்டி வந்து தலையைக் கழற்றும்போது உங்கள் முகம் வெந்து சிவந்திருந்தது. ஒரு குடம் தண்ணீர் குடித்து, அதையும் வாந்தி எடுத்தீர்கள். "ஒண்ணுமில்லீங்க, வெயிலு" என்று சிரித்தீர்கள். வெயில்தானே என்று நாங்களும் அடுத்த காட்சிக்குப் போனோம்.

சென்னையில் டப்பிங். அந்தக் காட்சிக்கு நான் கொடுத்த வசனம் இது: "பேரம் முடியட்டும் எசமான், அதுவரைக்கும் நான் ஒரு தூக்கம் போடுறேன்." தொடரிலேயே பெரிய சிரிப்பு அதற்குத்தான். கல்யாண வீடுகளில்கூட என்னை அதைச் சொல்லிக் காட்டச் சொன்னார்கள். சொல்லிக் காட்டினேன்.

அந்த வாரம் குமாரபாளையத்துக்கு வந்து, உங்கள் தறி முதலாளி வீட்டு டி.வி. முன்னால் உங்கள் ஜனங்களோடு உட்கார்ந்தேன். முந்தைய வாரங்களில் அவர்கள் விழுந்து விழுந்து சிரித்ததாகக் கேள்விப்பட்டு, எல்லாம் என் வசனத்துக்கு என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தியிருந்தவன் நான். அங்கே போனதும்தான் தெரிந்தது, நீங்கள் கையால் "மேஸ்திரி வராரு, வேலையப் பாரு" என்றதற்கு அவர்கள் சிரித்திருக்கிறார்கள்! அன்றைக்குப் பேரக் காட்சி வந்தது. என் குரல் தூங்கப் போகிறேன் என்றது. ஒருவரும் சிரிக்கவில்லை.

ரங்கம்மா எழுந்து நின்றுவிட்டாள். "ஐயோ, மூணு மூணு தட்டாத் தட்டி, தறிய நிறுத்து நிறுத்துன்னு சொல்றாளே! பாத்துக்கிட்டு இருந்தவுங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

நீங்கள் தலை குனிந்து புடவை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தீர்கள். பஸ்ஸுக்கு வழியனுப்ப வந்தபோது கேட்டேன். "ஏங்க்கா அன்னிக்கே சொல்லலை?"

"சொன்னேனுங்களே தம்பி" என்றீர்கள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். மழை பெய்ததுங்களே என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னீர்கள். அதன் பிறகும் என்னைக் கண்டால் "இவருதான் என்னோட கொரலு" என்று பத்துப் பேரிடம் காட்டிப் பெருமைப்பட்டீர்கள். மன்னிப்பு என்ற ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. அப்புறம் கேட்கலாம், அப்புறம் கேட்கலாம் என்று இருந்தேன். மஞ்சள் காமாலை முந்திக்கொண்டது.

இப்போது படிக்கிறவர்களுக்கும் புரிந்திருக்கும், செல்விக்கு ஏன் பொய் சொன்னேன் என்று. தொடர் வந்த காலத்தில் அவள் ஜலகண்டாபுரத்தில் உங்கள் தம்பி வீட்டில் படித்துக்கொண்டிருந்தாள், அங்கே டி.வி. கிடையாது. அவள் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் இப்போது தறிக்காரி. அம்மாவின் கை என்ன சொல்கிறது என்று பார்த்த உடனே படித்துவிடுவாள். அதன் மேலே என் கிண்டல் குரலையும் கேட்பாள். தகப்பன் இல்லாத பெண், என்னை மாமா என்கிறாள். அந்த ஒரு வார்த்தையை இழக்க எனக்குத் துணிவில்லை, அக்கா.

போன ஞாயிறு கேசட்டை எடுத்துக்கொண்டு ரங்கம்மாவிடம் போனேன். செல்வி கோயிலுக்குப் போயிருந்தாள். அந்தக் காட்சியை மட்டும் காட்டி, அதை வெட்டிவிட்டுக் கொடுக்கலாமா என்று கேட்கத்தான் போனேன். முதலாளி வீட்டு டி.வி.யில் போட்டோம், ரங்கம்மா ஒரே தடவை பார்த்தாள்.

"நிறுத்துன்னு சொன்னதோட முடியலீங்க. கீழ உக்கார்றதுக்கு முன்னால இன்னொண்ணு சொல்றா பாருங்க. அன்னிக்கே நான் பாத்தேன். வெளிய சொல்லாதேன்னு எனக்குக் கையக் காட்டிட்டா."

"என்ன சொல்றாங்க?"

வலது உள்ளங்கை கீழே பார்க்க இடுப்புயரத்தில் நிற்கிறது, ஒரு பிள்ளையின் தலைமேல் வைத்ததுபோல. பிறகு இரண்டு விரல் கண்ணுக்குப் போய், எதிரே நீள்கிறது. நான் நூறு முறை பார்த்துச் சிரித்த கை.

"'எம் புள்ளயப் பாத்துக்கோங்க'ங்குது" என்றாள் ரங்கம்மா.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன் அக்கா. எதிரே நின்றவர்கள் நாங்கள்தானே. எங்களிடம்தானே சொன்னீர்கள்.

வெட்ட மாட்டேன். அது செல்விக்கு அவள் அம்மா சொன்னது, அதில் கை வைக்க நான் யார்? வருகிற வெள்ளிக்கிழமை கேசட்டை அவள் கையில் கொடுக்கிறேன். எது யாருடைய பேச்சு என்று நானே அவளுக்குச் சொல்கிறேன். பிறகு டி.வி.யின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். மாமா என்று கூப்பிட்டாலும் சரி, கூப்பிடாவிட்டாலும் சரி, அவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செல்வியின் தாய்மாமன்,
நடராஜன்