ஆக்னஸின் சுருதி

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்றும் சபைக்குள் போகவில்லை. ஆக்னஸை வாசலில் இறக்கிவிட்டு, எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் விடவில்லை. துதி ஆராதனை ஸ்பீக்கர் வழியாகத் துரத்தி வந்தது. டிரம்ஸ், கைதட்டல், நடுநடுவே சரணின் "இன்னும் சத்தமா!" ஆண்டவருக்குக் காது மந்தமா?

பதினெட்டு வருஷம் அங்கே பாட்டைத் தொடங்கிக் கொடுத்தவன் நான். "ரொம்பக் கீழ எடுக்கறீங்க பிரதர். சாவு வீடு மாதிரி இருக்குது" என்று கமிட்டி முன்னால் சொன்னார் பாஸ்டர் ஜஸ்டின். மறுவாரமே ஐடி கம்பெனிப் பையன் சரண் மேடையேறினான். அன்று மூடிய வாய்.

ஏன் கீழே எடுத்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. என் மனைவி ஆக்னஸுக்குக் கட்டைக்குரல். சுருதி மேலே போனால் அவளால் எட்ட முடியாது. உதடு மட்டும் அசையும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஆக்னஸின் நுரையீரல் இறுகிக்கொண்டே வருகிறதாம். இனி வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின். எவ்வளவு காலம் என்று நான் கேட்கவில்லை. டாக்டரே சொன்னார்.

ஆகஸ்ட் 13

மெஷின் இரைந்துகொண்டே இருக்கிறது.

ஆகஸ்ட் 17, சனி

பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா கஞ்சி கொண்டுவந்தாள். "இன்னா சார், ஊடே கம்முனு கீது? அக்கா பாடிக்கினேதான் துணி காயப்போடும். அம்மன் கோயிலுக்குப் போனாகூட எனுக்கு அந்தப் பாட்டுதான் வாயில வருது. எங்க ஆத்தா கோச்சிக்கப் போறா."

ஆக்னஸ் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி முடிந்தது.

பொன்னியம்மா போனபின் சொன்னாள்: "என்னங்க, ஒரு பாட்டு எடுங்களேன். நான் கூட வரேன்."

"தொண்டை சரியில்ல."

தொண்டைக்கு ஒன்றுமில்லை. பாடிவிட்டால் பாஸ்டரும் சரணும் ஜெயித்ததாகிவிடும். எப்படி? பூட்டிய வீட்டில், இவளுக்கு மட்டும் பாடினால் எவன் ஜெயிப்பான்? தெரியலை. வாய் வரலை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 24, சனி

ஆக்னஸே போன் செய்து வரவழைத்திருக்கிறாள். பாஸ்டர், சரண், மடியில் வைக்கிற சின்னக் கீபோர்டு.

வீட்டு ஜெபக்கூட்டத்தில் முதல் பாட்டை வீட்டுக்காரன்தான் தொடங்க வேண்டும். எங்கள் வழக்கம். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"எடுங்க பிரதர்" என்றார் பாஸ்டர்.

"எதுக்கு? நான் எடுத்தா சாவு வீடு மாதிரி இருக்குமே."

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

சரண் தொடங்கினான். மேலே. அவள் உதடு அசைந்தது, சத்தமில்லை. அவளுக்கான சுருதி என் தொண்டையில் நின்றது. அதை விழுங்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டேன்.

அங்கிருந்து கேட்டது.

"கீழ எறக்கு தம்பி. இன்னும்... இன்னும் கொஞ்சம்."

"இதுவா ஆன்ட்டி?"

பிறகு அவள் குரல். ஒரு வரி. மூச்சு. பாதி வரி. நான் வெளியே போகவில்லை.

ஆகஸ்ட் 30

கண் திறப்பதேயில்லை. கட்டிலருகே உட்கார்ந்து பாடினேன், அவள் சுருதியில், மூன்று சரணமும். மெஷின்தான் கூட வந்தது.

செப்டம்பர் 2, திங்கள்

காலையில் ஆக்னஸ் போய்விட்டாள்.

செப்டம்பர் 3

கல்லறைத் தோட்டம். சரண் கீபோர்டின் பொத்தானை அழுத்தி அழுத்திச் சுருதியை இறக்கினான். "ஆன்ட்டி ஸ்கேல், அங்கிள்" என்றான், என்னைப் பார்க்காமலே. அவனோடு மேடையில் பாடும் வாலிபப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவ்வளவு ஆழத்துக்கு இறங்கத் திணறித் திணறிப் பாடினார்கள். அவர்களைத் திட்ட எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. பாடவும் முடியவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

டீக்கடையில் நிற்காமல் உள்ளே போனேன். கடைசி வரிசை. எல்லாம் மேல்சுருதிப் பாட்டுகள். எனக்கும் எட்டவில்லை. இறக்கச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. அவள் இத்தனை ஞாயிறும் இங்கே நின்ற மாதிரி, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன்.