அக்கரையில் வாய் திறவாத அந்துவனார்க்கு

கூவிளையாறு வற்றாது ஓடுக. அதன் இரு கரை வயலும் ஒருபோல் விளைக.

கடலும் கழியும் ஒரு குடைக்கீழ் ஆள்பவரும், உப்பளம் ஏழும் உடையவரும், பகைவர்க்குப் பணியாதவரும், பணிந்தாரைப் பழிக்காதவருமாகிய வெண்கழி நாட்டு அரசி ஆழிமாதேவியார் திருவுளப்படி, அவர்தம் ஓலைநாயகமும் மூத்த அமைச்சனுமான காரிக்குளமுடையான் நக்கன் தேவன் எழுதுவித்த ஓலை. செம்பொறை நாட்டின் ஒரே விளிஞரும், நெடுவேல் சாத்தனை நடுகல்லிலிருந்து எழுப்பி நிறுத்தியவரும், பதினோராண்டாக எம்மை நிம்மதியாக உண்ணவிடாதவருமாகிய அந்துவனார் காண்க. உமது மன்னர் நலமே வாழ்க. உமது மலைச்சரிவுகளில் தினை நன்கு முற்றுக. உமது பகையால் எமக்கு நேர்ந்த துன்பம் இவ்வளவோடு நிற்க.

இது போருக்கு அறைகூவும் ஓலை அன்று. திறை கேட்கும் ஓலையும் அன்று. எம் அவையில் எழுவர் இதை அனுப்பவே கூடாதென்று வாதிட்டார்கள். எயினி என்னும் ஒரு பெண்ணைப் பற்றி உமக்குச் சொல்வதற்காக மட்டுமே இது எழுதப்படுகிறது. அவளை உமக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆயினும் உமது அவையோர் யாரேனும் இதைப் பிரித்துப் படிப்பார்கள் என்பது இவ்வமைச்சனுக்குத் தெரியும், அவனும் பிறர் ஓலையைப் பிரித்துப் படிப்பவனே ஆதலால். அவர்களுக்கும் விளங்கும்படி முதலிலிருந்து சொல்லப்படுகிறது.

எயினி எம் நாட்டின் ஒரே விளிஞர். மாண்ட வீரனின் நடுகல் முன் நின்று, அவன் புகழை முழுவதும் பாடி, பெயர் சொல்லி விளித்தால் அவன் எழுந்து வருவான். ஒரு கல் ஒரு முறையே எழும். எழுந்தவன் நிலைத்திருப்பதற்கு ஒரு நோன்பு உண்டு: விளித்தவர் அந்த வீரனைத் தவிர வேறு எவரோடும் பேசலாகாது. நாவால் மட்டுமன்று, கையெழுத்தாலும் தலையசைப்பாலும் ஆகாது. பிறர் சொல்வதைக் கேட்கலாம், பிறர் எழுதியதைப் படிக்கலாம். மறுமொழியாக ஒரு சொல் தவறினாலும் வீரன் மறுகணமே கல்லுக்குத் திரும்பிவிடுவான். இருபத்திரண்டு வயதில் எயினி யானைமறித்த கட்டியனை எழுப்பினாள். நீர் அக்கரையில் சாத்தனை எழுப்பிவிட்டீர் என்ற செய்தி வந்ததால் எழுப்பினாள். நீர் சாத்தனை ஏன் எழுப்பினீர் என்று விசாரித்ததில், எம்மிடம் எயினி இருக்கிறாள் என்று உமது மன்னர் அஞ்சியதால் என்று தெரிந்தது. இரண்டு அரண்மனைகளின் அறிவு இவ்வளவுதான்.

துறைக்கு மேலே ஒரு கல்மண்டபத்தில் அவளைக் குடியமர்த்தினோம். சோறு வாசலில் வைக்கப்பட்டது. வைப்பவர்கள் வாய் தவறி எதையும் கேட்டுவிடக் கூடாதென்று ஓட்டமாகத் திரும்பினார்கள். இவ்வமைச்சன் பதினோராண்டில் அறுபத்திரண்டு ஓலை அவளுக்கு அனுப்பினான். கட்டியனை இன்ன இடத்தில் நிறுத்துக, இன்ன நாளில் துறையைக் காக்க என்று எல்லாவற்றிலும் ஏவல்தான் இருந்தது. நலமா என்று ஒன்றில்கூட எழுதவில்லை. மறுமொழி சொல்ல முடியாதவளிடம் நலம் கேட்பதில் பொருள் என்ன என்று அன்று தோன்றியது. இன்று அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நான்காம் ஆண்டில் அவள் தாய் படுத்த படுக்கையானாள். தூக்கிக்கொண்டு வந்து மண்டபத்தில் கிடத்தினார்கள். அம்மா என்று ஒரு தரம் கூப்பிடடி என்று அந்தத் தாய் இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த வாரம் உமது படை துறையருகே வந்து இறங்கியிருந்தது. எயினி தாயின் பாதங்களைத் தொடவும் துணியாமல், தொடுவதும் ஒரு சொல்லாகிவிடுமோ என்று அஞ்சி, கைகளை மடியில் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் தாய் இறந்தாள். படையும் பின்வாங்கிவிட்டது. அரண்மனையில் அதற்காக முரசறைந்து விழா எடுத்தோம்.

வீரர் இருவரின் கதையும் பின்னர் எயினியை விசாரித்தபோதுதான் எமக்குத் தெரியவந்தது. முன்னொரு காலத்தில் இதே துறையில் ஒருவரையொருவர் கொன்று மாண்டவர்கள் அவர்கள். முதல் மூன்றாண்டு மெய்யாகவே போரிட்டார்கள். சாத்தன் வேலெறிந்தால் ஆறு இரண்டாய்ப் பிளந்தது, கட்டியன் தோளால் மோதினால் கரை அதிர்ந்தது. பிறகு ஒருநாள் வேல் நட்டாற்றுப் பாறையில் ஆழப் பதிந்துவிட, தனியே பிடுங்க மாட்டாமல் சாத்தன் திணற, கட்டியன் பார்த்துப் பொறுக்காமல் ஒரு கை கொடுத்தான். அன்றிலிருந்து இருவரும் அந்தப் பாறையில் கூழாங்கல் வைத்து ஆடுபுலி ஆட்டம் ஆடியிருக்கிறார்கள். இடையிடையே கேடயத்தைப் பாறையில் மோதி ஓசை மட்டும் எழுப்பியிருக்கிறார்கள். அதைக் கேட்டு இரு நாட்டுச் சேனைத்தலைவர்களும் ஒரே நாளில் வெற்றிச் செய்தி அனுப்பினார்கள். இரு அரண்மனையும் ஒரே நாளில் விருந்துண்டன.

அவ்விருவர் வழியாகத்தான் நீரும் அவளும் பேசத் தொடங்கினீர்கள். வீரனோடு பேசத் தடையில்லை, வீரன் வீரனோடு பேசவும் தடையில்லை. தாய் இறந்த மாதத்தில் கட்டியன் ஆற்றிலிருந்து வந்து, அக்கரை விளிஞர் ஒன்று கேட்கச் சொன்னார் என்றானாம். உன் தாய் எப்படிப்பட்டவர் என்று கேட்டிருந்தீர். எயினி அன்று பகல் முழுவதும் சொன்னாளாம்: தாய் குள்ளமென்று, கோபக்காரி என்று, கருவாட்டுக் குழம்பில் புளி கூட்டி வைப்பாளென்று, சிரித்தால் நிறுத்தத் தெரியாதென்று. கட்டியன் ஒன்றும் விடாமல் மனப்பாடம் செய்துகொண்டு போனான். எம் நாட்டில் யாரும் கேட்காத ஒன்றைப் பகைநாட்டு விளிஞர் கேட்டார் என்பதை அவள் அவையில் சொன்னபோது எம் அரசியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன்பின் ஏழாண்டு. உமக்கு முழங்கால் வலி வந்ததும், உமது மண்டபத்துக் கூரையில் குருவி கூடு கட்டியதும், அவள் காய்ச்சலில் கிடந்ததும் வீரர் வாய்ச்செய்தியாக அக்கரைக்கும் இக்கரைக்கும் நடந்தன. ஆனால் இருவருக்கும் அது போதவில்லை. வீரர்களும் களைத்துப் போனார்கள். கல்லுக்குள் உறக்கம் நன்றாயிருந்தது என்று கட்டியன் சொல்லத் தொடங்கினான். எனவே ஓர் ஏற்பாடு செய்தீர்கள். ஆனி முதல் நாள், ஆற்றில் நீர் குறைந்து அகலம் சுருங்கியிருக்கும் விடியலில், இருவரும் துறைக்கு இறங்கி, ஒரே கணத்தில் ஒருவர் பெயரை ஒருவர் கூப்பிடுவது. கூப்பிட்டால் இரு நோன்பும் சேர்ந்து முறியும், இரு வீரரும் சேர்ந்து போவர், எந்த நாட்டுக்கும் மேல்கை கிடைக்காது. அரசர்களைக் கேட்டால் ஒப்பமாட்டார்கள் என்று கேட்கவில்லை. சரியாகவே கணித்தீர்கள், கேட்டிருந்தால் ஒப்பியிருக்க மாட்டோம்.

அன்று நடந்தது உமக்குத் தெரியும். அவள் அந்துவன் என்று கூப்பிட்டாள். பதினோராண்டு ஒரே ஒருவனிடம், அதுவும் தாழ்ந்த குரலில், பேசிய தொண்டை அது. பாதி காற்றாகத்தான் வந்தது என்று துறைக்காவலன் சொன்னான். ஆனாலும் கூப்பிட்டாள். அவள் பக்கத்தில் நின்ற கட்டியன் புன்னகைத்தபடி மறைந்தான். எதிர்க்கரையில் நீர் வாயைத் திறந்தீர், மூடினீர், திரும்பி நடந்துவிட்டீர். நட்டாற்றுப் பாறையில் சாத்தன் மட்டும் ஆட்டக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே யாருமில்லாத இடத்தைப் பார்த்து நின்றான்.

நாட்டின் காவலைத் தொலைத்தாள் என்று அவளைக் கட்டி இழுத்து வந்தோம். ஏழு நாள் விசாரித்தோம். உம்மோடு சேர்ந்து எம்மைக் காட்டிக்கொடுத்தாள் என்றார்கள் சேனைத்தலைவர்கள். அப்படியானால் சாத்தன் ஏன் இன்னும் ஆற்றைக் கடக்கவில்லை என்று இவ்வமைச்சன் கேட்டான். இன்றோடு முப்பத்துநான்கு நாள் ஆகிறது. உமது ஒரு சொல்லில் எம் தலைநகர் வரை வந்திருக்கக்கூடியவன் பாறையைவிட்டு இறங்கவில்லை. எனவே நீர் வஞ்சகர் அல்லர் என்பது தெளிவு. பிறகு ஏன் பேசவில்லை என்பதைச் சாத்தனே துறைக்காவலனிடம் சொன்னான். அவன் சொன்னது சொன்னபடி:

“அவன் பயப்படுறான். நானும் போயிட்டா அவனுக்கு யாருமில்லையாம். மனுசரோட பேசற வழியே மறந்துபோச்சாம். நான் போகத் தயார்தான். அவன்தான் விடமாட்டேங்கிறான்.”

இதை அவையில் படித்தபோது எயினி தலை நிமிர்ந்தாள். ஏதேனும் சொல்வதுண்டா என்று அரசியார் கேட்டார். அவள் சொன்னதும் அப்படியே:

“எனக்கும் பயந்தான் தாயே. அந்தப் பயத்தோடதான் கூப்பிட்டேன்.”

விசாரணை முடிந்து அவளைக் கட்டவிழ்த்தோம். ஊருக்குள் நடமாடலாம், யாரோடும் பேசலாம் என்றோம். அதன் பயனையும் நீர் அறிய வேண்டும். விளிஞர் வாயால் பெயர் சொன்னால் அந்தப் பெயருக்குரியவர் உயிர் கல்லுக்குப் போய்விடும் என்று எம் மக்கள் நம்புகிறார்கள். அவள் மீன்துறைக்குப் போய், இது என்ன மீன் என்று ஒரு பெண்ணிடம் கேட்டாள். அந்தப் பெண் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். கூடையை யாரும் எடுக்க வராததால் எயினி நெடுநேரம் காகம் விரட்டிக் காவலிருந்தாள். சொந்தத் தங்கை வீட்டில் சோறு போட்டார்கள். பிள்ளைகளை மட்டும் உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். மண்டபத்திலாவது கட்டியன் இருந்தான். இப்போது பேச வாயிருக்கிறது, கேட்க ஒரு காது இல்லை. மாலையில் அவள் மறுபடி அந்தக் கல்மண்டபத்துக்கே போய்ப் படுத்துக்கொள்கிறாள்.

இனி, அவள் எழுத வேண்டாமென்று இரந்து கேட்டுக்கொண்ட செய்தி. எழுதாமல் விடுவது உம்மை ஏமாற்றுவதாகும் என்று அரசியார் கருதுவதால் எழுதப்படுகிறது. சாத்தன் ஆற்றில் நிற்கும்வரை எம் கரை வெறுமையாக இருக்கலாகாது. இது நாட்டுச் சட்டம், அரசியாராலும் மீற முடியாது. எம்மிடம் எஞ்சியுள்ள நடுகல் ஊர்சுட்ட கொடுங்கையனுடையது ஒன்றே. அவன் புகழ்ப்பாட்டில் எரித்த ஊர்களின் பெயர்களைத் தவிர வேறெதுவும் இல்லை. பாறையில் அமர்ந்து கல்லாடுகிறவன் அல்லன் அவன். வரும் ஆடி அமாவாசை உச்சிப்பொழுதில் எயினி அவனை விளித்தாக வேண்டும். விளித்தபின், அவன் ஒருவனோடு மட்டும், தன் ஆயுள் உள்ளவரை, அவள் பேசலாம். இதற்கு இன்னும் ஒன்பது நாளே இருக்கின்றன. அதற்குள் சாத்தன் போய்விட்டால் இதற்குத் தேவையே இல்லை. இரு கரையும் வெறுமையானால் எம் நாட்டில் இனி எந்தக் கல்லும் எழுப்பப்படாது என்று அரசியார் உறுதியெழுதி, உமது மன்னருக்குத் தனியோலை போயிருக்கிறது. அவர் ஒப்புவாரா என்பது தெரியாது. ஆனால் அவர் ஒப்பினாலும் ஒப்பாவிட்டாலும், உமது வாயை அவர் திறக்க முடியாது. அது உம்மால் மட்டுமே ஆகும்.

அந்துவனாரே, உமக்குக் கட்டளையிட எமக்கு உரிமை இல்லை. அஞ்சுகிறவரைக் கடிந்துரைக்கும் தகுதியும் இவ்வமைச்சனுக்கு இல்லை. நோன்பு எதுவும் இல்லாமலே பதினோராண்டு ஒரு நல்ல சொல் சொல்லாதவன் அவன். ஓலை கட்டுமுன் எயினியை அழைத்து, அக்கரை விளிஞருக்கு நீ சொல்வது ஏதுமுண்டா என்று கேட்டான். பழி இருக்கும், அழுகை இருக்கும் என்று எண்ணி எழுத்தாணியை எடுத்தான். அவள் சொன்னாள்:

“முதல் சொல்லு தொண்டையில மாட்டும்னு சொல்லுங்க ஐயா. இருமல் மாதிரி வரும். வெக்கப்பட வேண்டாம், நான் சிரிக்கமாட்டேன். ரெண்டாவது சொல்லு தானா வந்துரும்.”

ஆடித் திங்கள் மூன்றாம் நாள், ஆழிமாதேவியார் வலம்புரிச் சங்கு பொறித்த அரக்கு முத்திரையிட்டு இவ்வோலை கட்டப்பட்டது. இதைக் கொண்டுவரும் ஓடக்காரனை இரு நாட்டுக் காவலரும் தடுக்காதிருக்க. ஓலையைக் கையில் தந்தவுடன் அவன் திரும்பிவிட வேண்டும், மறுவோலைக்காகக் காத்திருக்கலாகாது என்பது அரசியார் ஆணை. மறுமொழி எம் அரண்மனைக்கு வரவேண்டா. அவள் விடியல்தோறும் துறையில் நிற்கிறாள், அவளிடம் சொல்லுக.